லேப்ராஸ்கோபியில் அட்ரீனல் சுரப்பியை அகற்றுதல்: புதிய சர்ஜன்கள் கை பழகுவதற்கான முழுமையான வழிகாட்டி

பொது அறுவை எம்.எஸ். முடித்து, பித்தப்பையையும் குடல்வாலையும் லேப்ராஸ்கோபியில் (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவியும் விட்டு) தனியாகச் செய்யத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எண்டோக்ரைன் சர்ஜரியோ யூராலஜியோ எம்.சிஹெச். படித்துக்கொண்டிருப்பவர்களுக்கும் பொருந்தும்.

சென்னையின் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் பித்தப்பை அறுவையை வாரத்துக்குப் பல முறை பார்த்துவிடலாம். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் ஹார்மோன் சுரப்பியான அட்ரீனல் அப்படி வராது. ஒன்று முடிந்து அடுத்தது எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. கை பழக 20 முதல் 40 கேஸ் வரை ஆகும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த எண்ணிக்கை ஒருவரிடம் சேரவே பல வருடங்கள் ஆகலாம். அதனால் 'செய்யச் செய்யத் தானாக வரும்' என்று காத்திருந்தால் வராது.

நான் பார்த்தவரை சீக்கிரம் தேறியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் போனார்கள். அறுவையைத் துண்டு துண்டாகப் பிரித்து, வெளி வேலையிலிருந்து உள் வேலைக்கு வந்தார்கள். சுரப்பியிலிருந்து ரத்தம் வெளியேறும் சிரைக்கு கிளிப் போடுவதைக் கடைசியாக வைத்துக்கொண்டார்கள். புதிதாக வருபவர்கள் முதல் நாளே கேட்பது அந்தக் கிளிப்பைத்தான். கீழே உள்ள வரிசை அதற்கு நேர் எதிரானது.

1. தொடங்கும் முன் இருக்க வேண்டியவை

இரண்டு கையாலும் வேலை செய்யும் பழக்கம் முதலில் வேண்டும். பித்தப்பை அறுவையில் இடது கை பெரும்பாலும் பிடித்துக்கொண்டு நிற்கும். இங்கே இடது கைதான் திசுவை விலக்கி வழி காட்டும். இடது கை பழகாதவருக்கு வலது கையில் எவ்வளவு திறமை இருந்தாலும் பயனில்லை.

அடுத்தது, அந்தப் பகுதிக்குள் ஏற்கெனவே போய் வந்த அனுபவம். லேப்ராஸ்கோபியில் மண்ணீரல் அகற்றுவது, சிறுநீரகம் அகற்றுவது, பெருங்குடலின் மண்ணீரல் வளைவைக் கீழே இறக்குவது: இவற்றில் சிலவற்றிலாவது உதவிக்கு நின்றிருங்கள். இடது அட்ரீனலுக்குப் போகும் பாதையில் பாதிக்கு மேல் இந்த வேலைகள்தான்.

மூன்றாவது, கேஸ் வருகிற இடத்தில் இருப்பது. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில், சென்னை மருத்துவக் கல்லூரியின் கீழ் எண்டோக்ரைன் சர்ஜரிக்குத் தனித் துறையே இருக்கிறது. மற்ற இடங்களில் இதே அறுவையை யூராலஜி செய்யும், சில இடங்களில் கேஸ்ட்ரோ சர்ஜரி செய்யும். உங்கள் மருத்துவமனையில் யார் செய்கிறார்கள் என்று விசாரித்து, அந்தத் துறையின் ஓ.டி. லிஸ்ட்டை வாரம்தோறும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் யூனிட் இல்லையென்றாலும் அனுமதி கேட்டுப் போய் நில்லுங்கள். அடிப்படை லேப்ராஸ்கோபிக்கு, லேப்ராஸ்கோபி சர்ஜன்களின் அமைப்பான அமாசி நடத்தும் எஃப்மாஸ் பயிற்சி உதவும். ஆனால் அது வாசல் வரைதான் கொண்டுவிடும்.

2. பாக்ஸ் ட்ரெய்னரில் அளவு வைத்துப் பழகுங்கள்

துறையில் பாக்ஸ் ட்ரெய்னர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மூடி உள்ள பெரிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று, ரிச்சி தெருவில் கிடைக்கும் வெப்கேமரா, உள்ளே ஒட்ட ஒரு எல்.இ.டி. பட்டை, ஓ.டி.யில் கழித்துப்போட்ட பழைய கருவிகள் இரண்டு. இவ்வளவு போதும்.

'கொஞ்ச நேரம் பழகினேன்' என்பதற்குக் கணக்கு இல்லை. எஃப்.எல்.எஸ். எனும் அடிப்படை லேப்ராஸ்கோபித் திறன் பயிற்சிக்கு வகுத்திருக்கும் அளவுகளை வைத்துக்கொள்ளுங்கள்: ஆணிகளில் வளையம் மாற்றுவது 48 நொடி, வட்டமாகத் துணி வெட்டுவது 98 நொடி, உள்ளேயே முடிச்சுப் போடுவது 112 நொடி. ஒரு தடவை எட்டினால் போதாது, அடுத்தடுத்து எட்ட வேண்டும். முடிச்சுக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. வலது பக்கத்தில் கீழ்ப் பெருஞ்சிரை கிழிந்தால் தையல்தான் காப்பாற்றும். அந்த நேரத்தில் கற்றுக்கொள்ள முடியாது.

இந்த அறுவைக்கென்றே ஒரு பயிற்சி சொல்கிறேன். கறிக்கடையில் ஆட்டுக் கிட்னியைச் சுற்றியிருக்கும் கொழுப்போடு அப்படியே கேட்டு வாங்குங்கள். அந்தக் கொழுப்பைக் கிட்னியின் உறை கிழியாமல், கிட்னியை நேரடியாகக் கவ்வாமல், கொழுப்பை மட்டும் பிடித்து இழுத்துப் பிரியுங்கள். அட்ரீனலைச் சுற்றிச் செய்யப்போவது இதே வேலைதான். சாதாரணப் பயிற்சிகளில் நன்றாகச் செய்தவர்கள்கூட இதில் முதலில் தடுமாறுவார்கள், ஏனென்றால் எதைப் பிடிக்கக் கூடாது என்று கைக்கு இன்னும் தெரியாது.

3. ஹார்மோன் கணக்கை நீங்களே முடியுங்கள்

'அது எண்டோக்ரைனாலஜி பார்த்துக்கொள்வார்கள்' என்று விடுபவர்கள் அதிகம். நோயாளியை மேஜையில் ஏற்றுவது நீங்கள். உள்ளே இருக்கும் கட்டி எதைச் சுரக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கார்ட்டிசாலுக்கு: இரவு 11 மணிக்கு 1 மி.கி. டெக்ஸாமெத்தசோன், மறுநாள் காலை 8 மணிக்கு ரத்தம். டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமோ அதற்குக் கீழோ வந்தால் இயல்பு. ஃபியோவுக்கு (ஃபியோகுரோமோசைட்டோமா, அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கும் கட்டி): ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ மெட்டாநெஃப்ரின். சி.டி.யில் அடர்த்தி 10 ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு மேல் என்றால் இந்தச் சோதனையைத் தவறவே விடாதீர்கள். ரத்த அழுத்தமோ பொட்டாசியம் குறைவோ இருந்தால் ஆல்டோஸ்டிரோன்-ரெனின் விகிதமும் பாருங்கள்.

மூன்றும் முடியாமல் தேதி கொடுக்காதீர்கள். தெரியாத ஃபியோவைத் தொட்டால் ரத்த அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. ஊசி பயாப்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வரும் பி.ஜி.களையும் பார்க்கிறேன். ஃபியோ இல்லை என்று உறுதியாகாமல் அதைச் செய்வது ஆபத்து. அட்ரீனலிலேயே தொடங்கிய கட்டி நல்லதா கெட்டதா என்பதை ஊசியில் வரும் துணுக்கு பெரும்பாலும் சொல்லவும் சொல்லாது.

ஃபியோ என்று தெரிந்தால் ஆல்ஃபா தடுப்பு மருந்தை 7 முதல் 14 நாள் வரை கொடுக்க வேண்டும். பிராசோசின் எளிதாகக் கிடைக்கும். பீட்டா தடுப்பு மருந்து தேவைப்பட்டால் அதற்குப் பிறகுதான். வரிசை மாறினால் ஆல்ஃபா மட்டும் தடையில்லாமல் வேலை செய்து அழுத்தம் எகிறும். உட்கார்ந்து பார்க்கும்போது 130/80-க்குக் கீழே, நிற்கும்போது மேல் அளவு 90-க்குக் குறையாமல் இருப்பதே இலக்கு. மூக்கடைப்பு வந்தால் மருந்து பிடித்திருக்கிறது என்று அறியலாம்.

மருந்தோடு உப்பும் நீரும் சேர வேண்டும். சுருங்கிக் கிடந்த ரத்தக் குழாய்கள் விரியும்போது உள்ளே நிரப்ப ஏதாவது வேண்டுமல்லவா? கத்திரி வெயிலில் விழுப்புரத்திலிருந்தோ நெல்லூரிலிருந்தோ பஸ்ஸில் வரும் நோயாளிக்கு 'நிறையத் தண்ணீர் குடிங்க' என்று சொன்னால் மட்டும் போதாது. "அய்யா, கஞ்சியில உப்பு வழக்கத்தைவிடக் கூடப் போடுங்க. மோர் குடிங்க. படுத்துட்டு எழுந்திருக்கும்போது ஒரு நிமிஷம் உட்கார்ந்துட்டு எழுந்திருங்க" என்று கூட வந்தவரிடமும் சேர்த்துச் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியே பழகிய குடும்பம் அது. நீங்கள் காரணத்தைச் சொல்லாவிட்டால் உப்பு போடவே மாட்டார்கள். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக உள்ளவருக்கு இந்த அறிவுரை பொருந்தாது; அங்கே மருத்துவரோடு பேசி அளவை முடிவு செய்யுங்கள்.

குஷிங் (கார்ட்டிசால் அதிகம் சுரக்கும் கட்டி) நோயாளிக்கு எதிர்ப்பக்கச் சுரப்பி உறங்கிக் கிடக்கும். அறுவை நாளிலிருந்தே ஹைட்ரோகார்ட்டிசோன் எழுதப்பட்டிருக்கிறதா என்று நீங்களே சார்ட்டைப் பாருங்கள். கால் சிரையில் ரத்தம் உறையும் வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம். கான் (ஆல்டோஸ்டிரோன் அதிகம் சுரக்கும் கட்டி) நோயாளிக்குப் பொட்டாசியத்தைச் சரி செய்த பிறகே மயக்க மருந்து.

4. சி.டி.யை நீங்களே படித்து, வரைந்து காட்டுங்கள்

ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் எங்கும் இருக்கிறது. அந்தப் படத்தை வைத்து இந்த அறுவையைத் திட்டமிட முடியாது. ரேடியாலஜி அறைக்குப் போய், கணினியில் ஒவ்வொரு அடுக்காக நகர்த்திப் பாருங்கள்.

கட்டியின் அளவும் அடர்த்தியும் ரிப்போர்ட்டிலேயே இருக்கும். ரிப்போர்ட்டில் இல்லாதவற்றைத் தேடுங்கள்: சிறுநீரகத்தின் மேல் முனைக்குத் தனி ரத்தக் குழாய் போகிறதா? வலது கட்டி பெருஞ்சிரையின் பின்னால் எவ்வளவு நுழைந்திருக்கிறது? கல்லீரல் எவ்வளவு கீழே தொங்குகிறது? இடது கட்டியின் கீழ் ஓரம் சிறுநீரகச் சிரையிலிருந்து எவ்வளவு தூரம்? எதிர்ப்பக்கச் சுரப்பி எப்படி இருக்கிறது?

பார்த்ததை ஒரு தாளில் வரையுங்கள். பெருஞ்சிரை, சிறுநீரகச் சிரை, சுரப்பி, அதன் சிரை இருக்க வேண்டிய இடம். அறுவைக்கு முந்தைய நாள் அதைச் சீனியரிடம் காட்டுங்கள். வரையத் தெரியாத இடம்தான் உள்ளே போனதும் குழம்பப்போகும் இடம். என்னிடம் பயில வருபவர்களில் வரையாமல் வருபவர்களை நான் ஸ்க்ரப் செய்ய விடுவதில்லை.

சுற்றியுள்ள உறுப்பில் ஒட்டியிருக்கும் கட்டி, புற்று என்று வலுவாகச் சந்தேகிக்கும் கட்டி: இவை லேப்ராஸ்கோபியில் பழகும் கேஸ்கள் அல்ல. உறை கிழிந்து வயிற்றுக்குள் சிதறினால் நோயாளியின் வாழ்நாளே குறைந்துவிடும். அவற்றைத் திறந்த முறையில், அனுபவமுள்ளவர் செய்ய வேண்டும்.

5. கேமரா பிடிப்பதைப் பாடமாக எடுத்துக்கொள்ளுங்கள்

புதியவருக்கு முதலில் கிடைப்பது கேமராதான். 'கருவி கொடுக்கவில்லையே' என்று முகம் வாடாதீர்கள். ஸ்கோப் பிடிக்கும்போதுதான் உடற்கூறு மனதில் பதியும்.

30 டிகிரி ஸ்கோப்பில் லைட் கேபிளை எந்தப் பக்கம் திருப்பினால் எந்தப் பக்கம் தெரியும் என்பது யோசிக்காமல் வர வேண்டும். நோயாளி ஒருக்களித்துப் படுத்திருப்பதால் திரையில் திசை குழம்பும். பெருஞ்சிரையை எப்போதும் திரையில் ஒரே கோட்டில் வைத்துக்கொள்ளப் பழகுங்கள். சர்ஜன் எதைத் தொடப்போகிறார் என்று யோசித்து, அவர் கேட்கும் முன்பே அங்கே ஸ்கோப் போக வேண்டும். அது உங்களுக்கு வந்துவிட்டால் அறுவையின் வரிசை மனப்பாடம் ஆகிவிட்டது என்று பொருள்.

குளிர்ந்த ஸ்கோப் சூடான வயிற்றுக்குள் போனால் பனி படரும். ஃப்ளாஸ்க்கில் சூடான சலைன் தயாராக இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். கிளிப் போடும் நொடியில் லென்ஸ் மங்கினால் எல்லோருடைய பொறுமையும் போய்விடும்.

6. படுக்க வைப்பதும் போர்ட் போடுவதும்

இது உங்கள் முதல் சொந்த வேலை. வார்டு பாய் பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். இது சரியாக அமைந்தால் மண்ணீரலும் கல்லீரலும் தங்கள் எடையாலேயே விலகும். தவறினால் முழு அறுவையிலும் ஒரு கை அவற்றைத் தள்ளிப் பிடிக்கவே செலவாகும்.

கட்டி உள்ள பக்கம் மேலே. விலா எலும்பின் ஓரத்துக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் மேஜையின் மடிப்பு வர வேண்டும். வயிறு மேஜை விளிம்புக்கு அருகே இருக்கட்டும், இல்லையென்றால் கருவியின் கைப்பிடி மேஜையில் முட்டும். கீழே உள்ள அக்குளுக்குச் சற்றுக் கீழே ஒரு துணிச் சுருள், கால்களுக்கு நடுவே தலையணை, இடுப்பைச் சுற்றி அகலமான பிளாஸ்டர். எல்லாம் முடிந்ததும் மேஜையை இரண்டு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். ஆள் நகரக் கூடாது. பக்கம் எது என்பதைக் கடைசியாக ஒருமுறை சி.டி.யோடும் ஒப்புதல் படிவத்தோடும் சரிபாருங்கள்.

போர்ட்டுகள் (கருவிகள் உள்ளே போகும் குழாய்கள்) விலா ஓரத்துக்கு இரண்டு விரல் கீழே, அதே வளைவில். இடதுக்குப் பொதுவாக மூன்று, வலதுக்குக் கல்லீரலைத் தூக்க இன்னொன்று சேர்த்து நான்கு. விலாவை ஒட்டிப் போட்டால் கருவி எலும்பில் இடித்து அசையாது. இடது பக்கத்தில் முதுகுப்புறம் உள்ள போர்ட்டைப் பெருங்குடலைக் கீழே இறக்கிய பிறகே போடுங்கள். குடல் அங்கேதான் இருக்கும். வயிற்றுக்குள் காற்றழுத்தம் 12 முதல் 15 மி.மீ. பாதரசம் வரை போதும்.

7. இடது பக்கம்: சுரப்பியைத் தேடாதீர்கள், வழியைத் திறங்கள்

முதலில் பெருங்குடலின் மண்ணீரல் வளைவைக் கீழே இறக்குங்கள். பிறகு மண்ணீரலின் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டு, அதைச் சிறுநீரகத்தோடு பிணைக்கும் சவ்வை மேல்நோக்கி வெட்டிக்கொண்டே போங்கள். உதரவிதானம் வரை போய், இரைப்பையின் மேல் பகுதி கண்ணில் படும் வரை நிறுத்தாதீர்கள்.

பெரும்பாலானோர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். மண்ணீரல் கொஞ்சம் அசைந்ததும் போதும் என்று நினைத்துச் சுரப்பியைத் தேடப் போகிறார்கள். அப்புறம் மண்ணீரல் திரும்பத் திரும்ப வந்து விழும், அதைத் தள்ளும்போது உறை கீறி ரத்தம் கசியும், திரை சிவக்கும். இன்னும் சில நிமிடம் மேலே வெட்டியிருந்தால் மண்ணீரலும் கணையத்தின் வாலும் சேர்ந்து, புத்தகத்தின் பக்கம் புரள்வதுபோல் உள்பக்கம் சாய்ந்திருக்கும்.

அடுத்த பிழை, சிறுநீரகத்தின் வெளி ஓரத்தை விடுவிப்பது. அதைத் தொடவே கூடாது. விடுவித்தால் சிறுநீரகமே உருண்டு வந்து சுரப்பியை மறைக்கும்.

கணையத்தின் வாலை அட்ரீனல் என்று நினைப்பதும் உண்டு. நிறத்தைப் பாருங்கள். அட்ரீனல் பளிச்சென்ற பொன் மஞ்சள், மேற்பரப்பு வழவழப்பு. கொழுப்பு அதைவிட வெளிறியிருக்கும். கணையம் சிறுசிறு முடிச்சாகத் தெரியும். சந்தேகம் வந்தால் கருவியை வைக்காமல் சீனியரிடம் திரையில் காட்டிக் கேளுங்கள்.

சுரப்பியின் உள் ஓரத்தை ஒட்டி உதரவிதானத்திலிருந்து ஒரு சிரை இறங்கி வரும். அதைப் பிடித்துக்கொண்டு கீழே போனால் அட்ரீனல் சிரையில் கொண்டுபோய் விடும். அது சிறுநீரகச் சிரையில் சேரும் இடத்துக்குச் சற்று மேலே கிளிப் போடலாம். கொழுப்புக்குள் குருட்டாம்போக்கில் தோண்டுவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு. கீழே அதிகம் இறங்கினால் சிறுநீரக மேல் முனைக்குப் போகும் குழாய் குறுக்கே வரும், நீங்கள் வரைந்த படத்தை அங்கே நினைவில் வைத்திருங்கள்.

8. வலது பக்கம்: வழி குறுகியது, தவறுக்கு இடமில்லை

கல்லீரலை உதரவிதானத்தோடு பிணைக்கும் முக்கோணச் சவ்வை முழுவதும் விடுவியுங்கள். கல்லீரல் தாராளமாக மேலே எழும்ப வேண்டும். பிறகு கல்லீரலுக்குக் கீழே பெரிடோனியத்தைத் திறந்து, பெருஞ்சிரையின் நீல ஓரத்தைக் கண்டுபிடியுங்கள்.

அந்த ஓரத்தைக் கண்ணால் பார்க்காமல் எதையும் வெட்டக் கூடாது. சுரப்பியின் பக்கத்திலிருந்து தொடங்குபவர் பெருஞ்சிரை எங்கே என்று தெரியாமலேயே அதன்மேல் போய் நிற்பார். பெருஞ்சிரையின் வெளிச் சுவரைக் கீழிருந்து மேலாகத் தெளிவாக்கிக்கொண்டே போனால் சிரை தானாக வந்து நிற்கும். அது குட்டையானது, பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். பெருஞ்சிரையின் பின்-வெளிப்பக்கத்தில் நேராகச் சேரும். சிலருக்கு இன்னொரு சிரையும் இருக்கும், அது கல்லீரல் சிரைக்கும் போகலாம். ஒன்றுக்கு கிளிப் போட்டதும் முடிந்தது என்று இழுக்காதீர்கள்.

இரண்டு பக்கத்துக்கும் பொதுவான விதி: சுரப்பியின் மேல், வெளிப் பிணைப்புகளைக் கடைசிவரை விட்டுவையுங்கள். அவைதான் சுரப்பியைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. அவசரத்தில் அவற்றை முதலில் வெட்டினால் சுரப்பி பெருஞ்சிரையின் மேல் சரிந்து விழும்.

சுரப்பியை ஒருபோதும் நேரடியாகக் கவ்வாதீர்கள். சுற்றியுள்ள கொழுப்பைப் பிடியுங்கள், அல்லது மூடிய கருவியால் தள்ளுங்கள். சுரப்பி வெண்ணெய்போல் உடையும். உடைந்தால் ரத்தம் மட்டுமல்ல, திசு சிதறி அங்கேயே மறுபடி வளரக்கூடும்.

9. சிரைக்கு கிளிப் போடும் நேரம்

முந்தைய படிகளைச் சீனியர் கை கொடுக்காமல் முடிக்கத் தெரிந்தவருக்கே இந்தப் படி. வளைந்த நுனிக் கருவி சிரையின் பின்னால் தடையில்லாமல் போய், மறுபக்கம் நுனி தெரிய வேண்டும். நுனி தெரியாமல் தள்ளாதீர்கள்.

கிளிப் எடுக்கும் முன் கையை நிறுத்தி, மயக்க மருத்துவரிடம் சத்தமாகச் சொல்லுங்கள்:

"மேடம், வெயினுக்கு கிளிப் போடப் போறேன்."

"ஒரு நிமிஷம் சார்... பிரஷர் 150 இருக்கு, மருந்தைக் குறைச்சுக்கறேன். ம், சரி, போடுங்க."

ஃபியோவில் இந்த உரையாடல் இல்லாமல் கிளிப் போடக் கூடாது. சிரை அடைபட்டதும் சுரப்பு நின்று அழுத்தம் சட்டென்று விழும். அழுத்தத்தைக் குறைக்க ஓடிக்கொண்டிருக்கும் மருந்தை அவர் முன்கூட்டியே நிறுத்தினால்தான் சமாளிக்க முடியும். மற்ற கேஸ்களிலும் இதைச் சொல்லிப் பழகினால் ஃபியோ வரும்போது மறக்காது.

உடலில் தங்கும் பக்கம் இரண்டு, சுரப்பியின் பக்கம் ஒன்று. கிளிப்பின் இரண்டு நுனியும் தெரிந்த பிறகே அழுத்துங்கள். வெட்டுவது கத்தரியால். ஹார்மோனிக், லிகாஷ்யூர் போன்ற கருவியின் சூடான நுனி கிளிப்பையோ பெருஞ்சிரையையோ தொட்டால் சேதம் உடனே தெரியாது.

10. ரத்தம் வந்தால் என்ன வரிசை

இதை அறுவைக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் அழுத்துவது: உள்ளே எப்போதும் தயாராக வைத்திருக்கும் காஸ் துணியால். இரண்டாவது சொல்வது: மயக்க மருத்துவருக்கும், சீனியருக்கும், திறந்த அறுவைத் தட்டு கேட்டு சிஸ்டருக்கும். மூன்றாவது காத்திருப்பது. சில நிமிடம் அழுத்தினாலே பல சிரைக் கசிவுகள் அடங்கும். அதன் பிறகே சக்‌ஷன் வைத்து இடத்தைப் பார்ப்பது.

புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ரத்தம் பார்த்ததும் சக்‌ஷன் போட்டு, தெரியாத இடத்தில் கிளிப் மேல் கிளிப் வைக்கிறார்கள். சின்ன ஓட்டை பெரிதாகிறது.

திறந்த முறைக்கு மாறுவதை அவமானமாக நினைக்காதீர்கள். எப்போது மாறுவோம் என்பதை முன்பே பேசி வையுங்கள்: அரை மணி நேரமாக எந்த முன்னேற்றமும் இல்லையென்றால் சீனியர் கருவியை வாங்கிக்கொள்வார், அழுத்தியும் அடங்காத ரத்தம் என்றால் திறப்போம். முன்பே முடிவு செய்தால் அந்த நேரத்தில் தயக்கம் வராது.

11. வெளியே எடுத்த பிறகு

சுரப்பியை உள்ளேயே பைக்குள் போட்டு, பையோடு வெளியே எடுங்கள். துளை சிறியதாக இருந்தால் துளையைப் பெரிதாக்குங்கள், பையை இழுத்துக் கிழிக்காதீர்கள். காற்றழுத்தத்தைக் குறைத்து ஒருமுறை இடத்தைப் பார்ப்பதும் அவசியம், அழுத்தத்தில் அடங்கியிருந்த சிரைக் கசிவு அப்போதுதான் தெரியும்.

ஃபியோவுக்குப் பிறகு ரத்தச் சர்க்கரை இறங்கலாம், முதல் 24 மணி நேரமாவது திரும்பத் திரும்பப் பாருங்கள். குஷிங்குக்கு ஸ்டீராய்டை எப்படிக் குறைப்பது என்று எழுதிக் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கானுக்குப் பொட்டாசியம் மாத்திரையையும் ஸ்பைரனோலாக்டோனையும் நிறுத்திவிட்டு, சில நாளில் மறுபடி ரத்தம் பாருங்கள்.

நேரம் கிடைத்தால் பேத்தாலஜிக்குப் போய் வெட்டிய சுரப்பியைப் பாருங்கள். கான் கட்டியின் அந்த மஞ்சளை ஒருமுறை கையில் வைத்துப் பார்த்தவருக்கு, அடுத்த முறை திரையில் கொழுப்புக்குள் அதைப் பிரித்தறிவது எளிது.

12. எந்த கேஸை முதலில் எடுப்பது

தனியாகச் செய்யும் முதல் கேஸ்களுக்கு என் தேர்வு: இடது பக்கம், 4 சென்டிமீட்டருக்குக் கீழ், கான் கட்டி, மெலிந்த உடல், முன்பு வயிற்று அறுவை எதுவும் இல்லாதவர். வலதுதான் எளிது என்று சொல்லும் சீனியர்களும் உண்டு, அங்கே வழி குறுகியது என்பது உண்மை. ஆனால் இடதில் தவறு செய்தால் நேரம்தான் போகும், பெரும்பாலும் திருத்திக்கொள்ளலாம். வலதில் அதே தவறு பெருஞ்சிரையில் போய் முடியும். பழகும் காலத்தில் திருத்த முடிகிற பக்கத்தையே நான் கொடுப்பேன்.

அதன் பிறகு வலது பக்கச் சிறு கட்டி. பிறகு குஷிங்: கட்டி சிறியதாக இருந்தாலும் கொழுப்பு அதிகம், திசு கிழியும். அதற்குப் பிறகே ஃபியோ, அதிலும் சிறியது முதலில். 6 சென்டிமீட்டருக்கு மேல் உள்ளவை கடைசி. முதுகுப்புறமாகப் போகும் ரெட்ரோபெரிடோனியல் முறை அருமையானது, முன்பே வயிற்று அறுவை ஆனவர்களுக்கும் இருபக்கக் கட்டிக்கும் மிகவும் உதவும். ஆனால் இடம் குறுகல், அடையாளங்கள் வேறு. ஒரு வழி கைக்குள் வந்த பிறகு அதைத் தனியாகக் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடங்கியவர்கள் இரண்டிலும் தேங்கி நிற்கிறார்கள்.

13. பதிவேடு: எண்ணிக்கைக்குப் பதில் படிகள்

'12 கேஸ் செய்திருக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் எனக்கு எதுவும் புரிவதில்லை. சிரையை யார் பார்த்துக்கொண்டார்கள்? ஒவ்வொரு கேஸையும் ஆறு படிகளாகப் பிரியுங்கள்: படுக்க வைத்தது, போர்ட், வழி திறந்தது, சிரை, சுரப்பியை விடுவித்தது, வெளியே எடுத்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பார்த்தேன்', 'கை கொடுத்தார்கள்', 'சீனியர் ஸ்க்ரப்பில் நிற்கச் செய்தேன்', 'தனியாகச் செய்தேன்' என்பதில் ஒன்றை எழுதுங்கள். எந்தப் படியில் மாதக் கணக்கில் நிற்கிறீர்கள் என்று பக்கத்தைப் பார்த்தாலே தெரியும்.

வீடியோவை எப்போதும் பதிவு செய்யுங்கள், நோயாளியின் பெயர் திரையில் இல்லாமல். அன்றிரவே முழுவதையும் பார்க்க வேண்டாம். கருவி நின்று தயங்கிய இடங்களை மட்டும் பாருங்கள். திறமை குறைவது அங்கேதான்.

கொஞ்சம் கேஸ் சேர்ந்ததும் கியூசம் வரைபடம் போடுங்கள். எக்செல்லில் பத்து நிமிட வேலை. உங்கள் யூனிட்டின் சராசரி நேரத்தை இலக்காக வைத்து, ஒவ்வொரு கேஸிலும் அதைவிட எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்பதைக் கூட்டிக்கொண்டே போங்கள். கோடு முதலில் ஏறும், பிறகு சமமாகும், அப்புறம் இறங்கும். இறங்கத் தொடங்கும் இடம்தான் கை பழகிய இடம். இடது, வலது இரண்டுக்கும் தனித்தனிக் கோடு வேண்டும். சிரையைச் சீனியர் முடித்த கேஸை முழுக் கேஸாகச் சேர்த்தால் கோடு பொய் சொல்லும்.

நேரம் மட்டும் அளவுகோல் ஆகாது. ரத்த இழப்பு, திறந்த முறைக்கு மாறியது, உறை கிழிந்தது, நோயாளி வீடு திரும்பிய நாள் எல்லாவற்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வேகம் கூடி, உறை கிழிவதும் கூடினால் அது முன்னேற்றம் இல்லை.

14. தனியாக நின்ற பிறகு

வருடத்துக்கு 6 அட்ரீனலாவது செய்பவர்களின் கையில் சிக்கல்கள் குறைவு என்று அமெரிக்காவில் பார்த்திருக்கிறார்கள். பயிற்சி முடித்து வேறு மருத்துவமனைக்குப் போனதும் அந்த எண்ணிக்கை பலருக்கு விழுந்துவிடுகிறது. அங்குள்ள எண்டோக்ரைனாலஜி, கார்டியாலஜி, நெஃப்ராலஜி டாக்டர்களைப் போய்ப் பாருங்கள். இள வயதில் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும், பொட்டாசியம் இறங்கியவர்களுக்கும் ஆல்டோஸ்டிரோன்-ரெனின் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேஸ்கள் அங்கேதான் கண்டுபிடிக்கப்படாமல் இருக்கின்றன.

வருடத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வருகிறது என்றால், அவற்றை அதிகம் செய்யும் மையத்துக்கு அனுப்புங்கள். முடிந்தால் நோயாளியோடு நீங்களும் போய் அங்கே உதவிக்கு நில்லுங்கள். பெரும்பாலான சீனியர்கள் மறுக்க மாட்டார்கள். முந்தைய நாளே போன் செய்து, நீங்கள் வரைந்த படத்தை எடுத்துக்கொண்டு போங்கள்.